அப்பா பாடிய கேசட்

"உங்க மாமாகிட்ட சொல்லிடு, செரீனா. கல்யாணத்தன்னைக்கு சர்ச்சுல உன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரப்போறது டாடியோட ஃப்ரெண்ட் மரியநாயகம் அங்கிள். இவரு இல்ல."

ஷார்மைன் சொன்ன 'இவரு' இரண்டடி தள்ளி உட்கார்ந்து கட்டிலின் ஸ்க்ரூக்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவளுடைய சொந்த அண்ணன் மார்க்.

அவர்கள் இருவரின் அம்மா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் பிளாட்டை அன்றைக்குக் காலி செய்தாக வேண்டும். சாமான்களைக் கிள்ளானுக்கு ஏற்றிப்போகும் லோரி கீழே நின்றது.

"டாடி இருந்திருந்தா டாடி கூட்டிட்டு வந்திருப்பாரு. அவரு இல்லாதப்ப மாமாதானேம்மா வரணும்? எனக்கு மாமாதான் வேணும்," என்றாள் மகள் செரீனா.

"உனக்கு என்ன தெரியும்? அந்த அலமாரி மேல ஒரு பெட்டி இருக்கு பாரு. எடு. இன்னைக்காவது தெரிஞ்சுக்கோ."

செரீனா நாற்காலியில் ஏறி அதை இறக்கினாள். ரஃபியா கயிற்றால் இறுக்கிக் கட்டிய அட்டைப்பெட்டி. கயிற்றை அறுத்ததும் தூசி பறந்தது. உள்ளே கனத்த ஒரு கீபோர்டு, கொஞ்சம் வயர், ஒரு கேசட்.

"கீபோர்டு மட்டும்தான் இருக்கு. கம்ப்யூட்டர் எங்க மாமா?"

"அதுதான் லா கம்ப்யூட்டரே." மார்க் தன்னை மறந்து பக்கத்தில் வந்தார். "டிவியில சொருகணும். தாத்தா ரயில்வேயில ஓவர்டைம் செஞ்சு வாங்கிக் கொடுத்தாரு. புரோகிராமெல்லாம் கேசட்லதான் இருக்கும். பாட்டு கேக்கிற அதே கேசட். நாம எழுதினதை அதுல ஏத்தணும்னா ப்ளே, ரெக்கார்டு ரெண்டு பட்டனையும் ஒண்ணா அமுக்கணும், பழசு அழிஞ்சு புதுசு பதிஞ்சிடும். பத்து நிமிஷம் கீச்சு கீச்சுனு கத்தும், அப்புறம்தான் கேம் வரும். நடுவுல பாட்டி மிக்சி போட்டாங்கன்னா அவ்ளோதான், மறுபடியும் முதல்ல இருந்து!"

செரீனா சிரித்தாள்.

"சிரி, நல்லா சிரி," என்றாள் ஷார்மைன். "அந்தக் கேசட்ல என்ன எழுதியிருக்கு? படி."

மங்கிப்போன பேனா எழுத்து. "அப்பா பாடியது, கிறிஸ்மஸ் 1984. பாட்டி எழுத்தும்மா."

"கிறிஸ்மஸுக்கு எங்கப்பா பாடினாரு. ஜனவரியில நெஞ்சுவலி, போயிட்டாரு. அவரு குரல்னு எங்களுக்கு மிஞ்சினது இது ஒண்ணுதான். முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு வந்து அம்மா இதைப் போட்டுக் கேக்கலாம்னு எடுக்கறாங்க. இந்தத் துரை, உன் மாமா, வந்து முன்னாடி நிக்கிறாரு. 'அதுல என் புரோகிராமை ரெக்கார்டு பண்ணிட்டேன்மா, பாட்டு இல்ல, வெறும் சத்தம்தான் வரும்'னு. பதிமூணு வயசு! மேல எழுதியிருக்கிறதைப் படிக்கத் தெரியாதா?"

மார்க் தரையைப் பார்த்தார்.

"அம்மா துடைப்பக்கட்டையால அடிச்சாங்க, கை ஓயற வரைக்கும். கேசட்டையும் கம்ப்யூட்டரையும் ஒண்ணாக் கட்டி மேல தூக்கிப் போட்டாங்க. அப்புறம் சாகற வரைக்கும் அதைத் தொடல. எனக்கு அப்ப அஞ்சு வயசு. அப்பா முகத்துக்கு போட்டோ இருக்கு. குரலுக்கு என்ன இருக்கு? அவரு என்னை எப்படிக் கூப்பிடுவாருன்னு கூட எனக்கு ஞாபகம் இல்ல, செரீனா. ஒரு கேமுக்காக அதை அழிச்சாரு இந்த மனுஷன்!"

கீழே லோரிக்காரர் ஹார்ன் அடித்தார். ஷார்மைன் ஜன்னலுக்குப் போய்க் கத்தினாள்.

"பொறுங்க பாஸ்! நான் நாப்பது வருஷம் பொறுத்தாச்சு, உங்களுக்குப் பத்து நிமிஷம் முடியாதா?"

"விடும்மா," என்றார் மார்க்.

"இதையேதான் சொல்றீங்க. விடும்மா, விடும்மா. ஏன் செஞ்சேன்னு ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொன்னீங்களா?"

அவர் கட்டில் ஸ்க்ரூக்களைப் பொறுக்கப் போனார்.

அவள் ஜன்னலோரம் இருந்த அம்மாவின் ரேடியோவை இழுத்தாள். போன மாதம்வரை ஜெபமாலை கேசட் ஓடிக்கொண்டிருந்த ரேடியோ.

"என்ன பண்றே?"

"உங்க புரோகிராமைப் போடறேன். மாமா மாமான்னு உருகுறாளே, அவளும் கேக்கட்டும். தாத்தா பாட்டுக்குப் பதிலா என்ன வெச்சீங்கன்னு."

மார்க் வேகமாக அருகில் வந்தார். "வேணாம். பழைய டேப், சிக்கிக்கும்."

"சிக்கட்டும்."

"ஷார்மைன், சொன்னாக் கேளு. மரியநாயகமே கூட்டிட்டு வரட்டும். நான் பின்னால எங்கயாவது உட்கார்ந்துக்கறேன். கல்யாணத்துக்கே வராதேன்னாலும் சரி, வரல. அந்தக் கேசட்டை மட்டும் என்கிட்ட கொடுத்துடு."

"பாத்தியாடி? வெக்கம்! நாப்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் வெக்கம் வருது!"

அவர் கையை நீட்டினார். அவள் தட்டிவிட்டாள். கேசட்டைத் தள்ளி மூடினாள். சத்தத்தைக் கடைசிவரை திருகிவிட்டு பட்டனை அமுக்கினாள்.

உஸ்ஸென்று இரைச்சல். கீச்சுச் சத்தத்துக்காக செரீனா காதைப் பொத்திக்கொண்டாள்.

கீச்சுச் சத்தம் வரவில்லை. மைக்குக்கு மிக அருகில் யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"அப்பா, ஷார்மைன் பேசறேன். அண்ணே கம்ப்யூட்டருக்குச் செய்யற மாதிரியே ரெண்டு பட்டனையும் ஒண்ணா அமுக்கிட்டேன். உள்ளதானே இருக்கீங்க? பாடுங்கப்பா."