மாத்திரை டப்பாவுக்கு ஒரு பூட்டு

பெண்டாட்டி வலியில் துடிக்கும்போது மாத்திரையைப் பூட்டி வைக்கிற புருஷனை என்னவென்று சொல்வது?

நான் 'வார்டன்' என்று சொன்னேன். மனசுக்குள்தான்.

பக்கத்து ஃபிளாட்டில் இருப்பவள் தையல் வேலை செய்கிறாள். போன வருஷம் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பில் நல்ல அடி. அன்றைக்குக் காலையில் ஜன்னல் திரையை மடித்துத் தைக்கக் கொடுக்கலாம் என்று போனேன். மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை, கொட்டாவி மேல் கொட்டாவி. ஊசியில் நூல் கோக்க முடியாமல் கை நடுங்கியது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"மாத்திரை போடுற நேரம்க்கா. அதான்."

அவள் புருஷன் உள்ளேயிருந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். அலமாரி மேலிருந்த தகர டப்பாவைத் திறந்து, ஒரே ஒரு மாத்திரையை அவள் கையில் வைத்தார்.

"இன்னும் ஒண்ணு குடுங்களேன்."

"கிடையாது."

"இன்னைக்கு மட்டும்."

டப்பாவைப் பூட்டினார், சாவியைப் பையில் போட்டார், வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். கட்டினவள் வாய்விட்டுக் கெஞ்சுகிறாள், இந்த மனுஷன் காதில் விழாத மாதிரி போகிறாரே.

எங்கள் வீட்டில் இந்தக் கெடுபிடியெல்லாம் கிடையாது. என் வீட்டுக்காரர் மர வேலை செய்கிறவர். முழங்கால் ஆபரேஷன் ஆனபோது அவருக்கும் இதே மாத்திரையைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். வேண்டும்போது போட்டுக்கொள்வார். தீர்ந்துபோனால் நானே போய் வாங்கி வருவேன். ஒரு கடையில் டாக்டர் சீட்டு கேட்டு ராங்கி பண்ணினால் அடுத்த கடை. புருஷன் வலி என்றால் கையைக் கட்டிக்கொண்டா இருப்பேன்?

நேராக வீட்டுக்கு வந்தேன். ஒரு மாத்திரை அட்டையை எடுத்துத் திரைத்துணிக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிப் போனேன்.

"இந்தா, பத்து இருக்கு. அவருக்குத் தெரிய வேண்டாம்."

அட்டையைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது. கை தானாக நீண்டது. விரல் அட்டையைத் தொட்டும்விட்டது. சட்டென்று கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"எடுத்துட்டுப் போயிடுங்கக்கா. சீக்கிரம்."

"எதுக்கும்மா இப்படிப் பயந்து சாகுறே? ஒரு பூட்டு பண்ற வேலையா இது?"

"அந்தப் பூட்டை வாங்கிட்டு வந்ததே நான்தான்க்கா."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

"இடுப்பு வலி ஆறே மாசத்துல போயிடுச்சு. மாத்திரைதான் போகலை. போடலைன்னா வேர்க்கும், கை நடுங்கும், எல்லார் மேலயும் எரிஞ்சு விழுவேன். வலிதான் திரும்ப வருதுன்னு நெனச்சு இன்னொண்ணு போடுவேன். ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு. நூல்கண்டு டப்பாவுல ஒளிச்சு வெக்கிற அளவுக்குப் போயிட்டேன்."

"உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"நானே சொல்லி அழுதேன். அவர்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. இதுவும் ஒரு வியாதிதாம்மா, சரி பண்ணிடலாம், ஆனா திடீர்னு நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம்னாரு டாக்டர். என் கையில இருந்தா நான் நிறுத்த மாட்டேன்னு சாவியை இவர்கிட்ட குடுத்துட்டேன். நான் அழுதாலும் குடுக்காதீங்கன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன். நாலு போட்டவ இப்ப ஒண்ணுக்கு வந்துட்டேன்க்கா. அதுவும் அடுத்த மாசம் நின்னுடும். பாவம், முடியாதுன்னு சொல்லிட்டு, வாசலைத் தாண்டினதும் கண்ணைத் தொடச்சுக்குவாரு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அட்டையை மறுபடி திரைக்குள் சுருட்டினேன்.

"ஆமா, உங்க வீட்ல இது எதுக்குக்கா?"

"அவருக்குத்தான். முழங்கால்ல ஆபரேஷன் பண்ணினாங்களே."

"எப்போ?"

"பதினாலு மாசம் ஆச்சு."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. சாப்பிட உட்கார்ந்தவர் தட்டு முன்னாலேயே தூங்கி விழுவது ஞாபகம் வந்தது. மாத்திரை தீர்ந்த அன்றைக்குச் சட்டை நனைய வேர்த்து, உப்புப் பெறாத விஷயத்துக்கு என்னோடு மல்லுக்கு நிற்பார். போன வாரம் மின்ரம்பத்தில் விரல் மயிரிழையில் தப்பியது. வயசாகிறது என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர் முன்னால் ஒரு புதுப் பூட்டை வைத்தேன். கத்தப் போகிறார் என்று தயாராகவே நின்றேன்.

"என்னது இது?"

"மாத்திரை டப்பாவுக்கு. சாவி என்கிட்ட இருக்கும். நாளைக்கு ரெண்டு பேரும் டாக்டரைப் பாக்கப் போறோம்."

பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். உளிப்பெட்டியின் அடியிலிருந்து இரண்டு அட்டை எடுத்து வந்தார். மழைக்குடையை விரித்து உதறினார், அதிலிருந்து ஒன்று விழுந்தது. எல்லாவற்றையும் என் மடியில் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"அப்பாடா," என்றார். "நீ ஒவ்வொரு தடவை வாங்கிட்டு வந்து நீட்டும்போதும், இன்னைக்காவது எதுக்குன்னு கேட்டுட மாட்டியான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."