கடைசிப் பத்தி

"இன்னும் ஒரே ஒரு கதைதான். அதையும் முடிச்சுட்டா நாளைக்குப் பரீட்சையை ஒரு கை பாத்துடலாம்" என்றான் கணவன்.

மனைவி தோளிலிருந்து கைப்பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

மருத்துவமனையில் தொலைபேசி எடுப்பது அவள் வேலை. எந்த டாக்டர் எப்போது வருவார், ஸ்கேன் எந்த மாடி, நோயாளியைப் பார்க்க எப்போது விடுவார்கள் என்று காலையிலிருந்து ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். தொண்டையில் குரல் என்று ஏதாவது மிச்சம் இருந்தால் அதிசயம்.

அந்த மிச்சத்தில்தான் அவன் படிப்பு ஓடியது.

சர்க்கரை அவன் கண்களைக் கொண்டுபோனதும் பார்த்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் வேலையும் போனது. எவ்வளவு நாள்தான் சும்மா உட்கார்ந்திருப்பது என்று அஞ்சல் வழியில் இலக்கியம் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு. சேர்ந்தது அவன், படிப்பது அவள் என்று பக்கத்து வீட்டில் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். தேர்வறையில் அவன் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவார். அதற்கு முன்னால் அத்தனை பாடமும் அவள் வாய் வழியாக அவன் காதுக்குப் போயாக வேண்டும்.

கைபேசியே படித்துக் காட்டும். அவனுக்கு அது பிடிக்கவில்லை. சாவு வீட்டுக் கதையைக்கூட அது ரயில் நிலைய அறிவிப்பு மாதிரிப் படிக்கிறதாம்.

நாளைக்குச் சிறுகதைத் தாள்.

அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தாள்.

படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கணவனைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணின் கதை. குளிப்பாட்டுகிறாள், புரட்டிப் படுக்கவைக்கிறாள், வேளாவேளைக்கு மருந்து கொடுக்கிறாள். ஒருநாள் மதியம் அவன் கண்ணயர்ந்த நேரத்தில் மாற்றுத்துணி இரண்டைப் பையில் திணித்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுக் கிளம்புகிறாள். பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்கிறாள்.

படித்துக்கொண்டிருந்தவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுக் கடைசிப் பத்திக்கு வந்தாள்.

பஸ் வந்தது. அந்தப் பெண் ஏறினாள். ஜன்னலோரமாய் இடம் கிடைத்தது. இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள்.

"அவ்வளவுதான்" என்று புத்தகத்தை மூடினாள்.

வழக்கமாய்க் கதை முடிந்த கையோடு மையக்கருத்து, பாத்திரப்படைப்பு, உத்தி என்று மளமளவென்று சொல்லிப் பார்க்கிறவன் இப்போது அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"அந்தக் கடைசிப் பத்தியை இன்னொரு தரம் படி."

அவள் புத்தகத்தைத் திறக்காமலே சொன்னாள். பஸ் வந்தது, ஏறினாள், தூங்கிப்போனாள். இந்த முறை ஜன்னல் வழியாகக் காற்றும் வந்தது.

"போன ஞாயித்துக்கிழமை வகுப்புலயே இதை எடுத்துட்டாங்க" என்றான் மெதுவாக. "பஸ் வரும். ஆனா அவ ஏற மாட்டா. மருந்து வேளை ஞாபகம் வந்து வீட்டுக்கே ஓடி வந்துடுவா."

அவன் மட்டும் வகுப்புக்குப் போகாமல் இருந்திருந்தால், நாளைக்கு இதையே சொல்லி எழுதவைத்திருப்பான். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். கண் அச்சில் இருந்ததைத்தான் பார்த்தது. வாய்தான் அந்தப் பெண்ணைத் திரும்பிப் போக விடவில்லை.

அவன் அதைக் கேட்கவில்லை.

"பஸ் ஏறி எங்க போறா?"

"தெரியல. தூங்கத்தான் ஏறினா."

அவன் எழுந்தான். கட்டிலில் குவிந்து கிடந்த துவைத்த துணிகளைத் தடவி வாரி நாற்காலியில் போட்டான். தலையணையைத் தட்டி வைத்தான்.

"சாப்பாட்டை நான் போட்டுக்கறேன். நீ படு."

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். உடம்பு முந்திக்கொண்டது.

கண் செருகும்போது சமையலறையிலிருந்து அவன் குரல் கேட்டது. கூடப் படிக்கும் நண்பனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். நாளைக்குப் பரீட்சைக்குத் தன்னைக் கூட்டிப்போக வர முடியுமா என்று கேட்டான். எப்போதும் கூட்டிப்போவது அவள்தான். அவளுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று நண்பன் விசாரித்திருக்க வேண்டும்.

தட்டை எடுத்து மேடையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா" என்றான். "ஊருக்குப் போயிருக்கா."