எருக்கஞ்செடிக்கு முன்னால்

சின்ன காஞ்சிபுரத்தில், தறிச்சத்தம் ஓயாத தெருவின் கடைசியில் ஒரு காலி மனை. எருக்கஞ்செடியின் வெளுத்த இலைகளில் காலை வெயில் விழுகிறது. ஓர் இலைக்கடியில் தொங்கும் கூட்டுப்புழு நேற்றுவரை பச்சையாக இருந்தது. இன்று கறுத்து, மெல்லிய தோலுக்குள் மடிந்த ஆரஞ்சு இறக்கை தெரிகிறது. ஷஹர்பானு மண்டியிட்டு, குட்டி லென்ஸ் மாட்டிய கைபேசியை அதனருகே பிடித்திருக்கிறாள். பின்னால், களைக்கொல்லி டேங்கை முதுகில் சுமந்தபடி ராமராஜன் நிற்கிறார்; மனைக்காரர் அனுப்பிய ஆள். "தள்ளும்மா, மருந்து அடிக்கணும்." "பட்டாம்பூச்சி வெளிய வரப்போவுதுண்ணே." அவர் சிரிக்கிறார். "புழுவ வேகவச்சி எடுத்த நூல்ல பொழைக்கிற ஊரும்மா இது. எருக்கம்புழுவுக்கு நீ காவலா?" "ஆமாண்ணே, நான்தான்." "கிளைய ஒடிச்சி வூட்டுக்கு எடுத்துக்கினு போயேன்." "ஒடிக்க மாட்டேன்." அவர் குழாயை நீட்டுகிறார். அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டு நிற்கிறது. அவள் எழவில்லை, இன்னும் நெருங்கி, தன் முதுகால் செடியை மறைத்துக்கொள்கிறாள். "அடிக்கறதுன்னா என் மேல அடிங்க." கூட்டுப்புழுவின் தோல் வெடிக்கிறது. ஈரமான கால் ஒன்று வெளியே வந்து காற்றைத் துழாவுகிறது. பிறகு தலை, கசங்கிய இறக்கை. கைபேசி ஆடவில்லை. ராமராஜனும் குனிந்து பார்க்கிறார். "அதான் வந்துட்டுதே, எழுந்திரும்மா." "றெக்க காயணும்" என்கிறாள் அவள், திரும்பாமலே. "அப்பால, பக்கத்து இலையில இன்னொண்ணு இருக்குது."