தலைத் திவசத்துக்கு ஒரு படம்

நடிகர் சமரனுக்கு டூப் போட்டு, உடம்பில் ஒரு எலும்பு பாக்கியில்லாமல் உடைத்துக்கொண்டவர் ஏகாம்பரம். அவர் கதையைச் சினிமாவாக எடுக்கிறோம் என்று வாழ்க்கை உரிமையை எழுதி வாங்கிய கம்பெனி, பல வருஷம் அதைக் கிடப்பில் போட்டது. இயக்குநர்கள் மாறினார்கள், கதை மாறியது. ஏகாம்பரமும் போய்ச் சேர்ந்தார். போன மாதம்தான் படம் வந்தது. ஏகாம்பரமாக நடித்தது சமரன்.

தலைத் திவசத்துக்கு மாலை போட, ஏகாம்பரத்தின் மனைவி அமிர்தவல்லி போனில் அவர் படத்தைத் தேடினாள். எல்லாப் படத்திலும் சமரன் முகம். கல்யாண வீடியோவில் தாலி கட்டுவதும் அவன்தான்.

கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"ஒப்பந்தத்துலயே இருக்கும்மா. படம் வந்ததும் எல்லா இடத்துலயும் முகம் மாறிடும்."

"அவரோட சொந்த முகம் எங்கய்யா?"

"அழிச்சாச்சும்மா."

மகள் தமயந்தி சமரன் முகத்தையே பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு அழுதாள். "வேற வழியில்லம்மா. மாலையைப் போடட்டுமா?"

"போடுடி. காலமெல்லாம் உங்கப்பா விழுந்தாரு, மாலையை இவன் வாங்கிக்கிட்டான். செத்ததுகூட உங்கப்பாதான். இந்த மாலையையும் இவனுக்கே போடு."