பார்வை போன பக்கம்

வெண்டல் மறுபடியும் அந்தப் பரிமாறும் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆர்டிஸ் முட்கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

மூன்று வாரமாக ஃபோனில் மட்டும் பேசிக்கொண்டிருந்தவர்கள், இன்றுதான் நேரில் சந்திக்கிறார்கள். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரை உணவகத்தில், வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு.

ஃபோனில் அந்தக் குரல் அவளைச் சிரிக்கவைத்தது. எழுபத்து மூன்று வயதில், குளித்துவிட்டு வந்தால் கண்ணாடி முன்னால் கொஞ்சம் கூடுதலாக நிற்கவும் வைத்தது.

கணவர் போய் ஒன்பது வருடம். அதற்குப் பிறகு அவளைப் பார்த்த ஒரே ஆண் டாக்டர்தான். அவரும் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பேசுகிறவர்.

இன்று கழுத்தெலும்பு தெரிகிற நீலச் சட்டை போட்டிருந்தாள். "யார மயக்கப் போறே, அக்கா?" என்று கிளம்பும்போது தங்கை கிண்டல் செய்திருந்தாள்.

மயக்கத்தான் வந்திருந்தாள். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

வெண்டல் மெனு அட்டையைத் திறக்கவே இல்லை. "நீங்க எதச் சொல்றீங்களோ, எனக்கும் அதுவே" என்றார். அவளுக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் பேச்சு மட்டும்தான் அவளிடம். கண் முழுக்க அவள் தோளுக்கு அப்பால். அங்கே பிராந்தி ஊற்றும் மேடையருகே அந்தப் பெண் நின்றாள். முழங்கை வரை பச்சை குத்தியிருந்தாள். முப்பதுகூட இருக்காது.

ஆர்டிஸ் துணிந்து ஒன்று செய்தாள். நாற்காலியை மெல்ல நகர்த்தி, அவர் பார்வைக்கு நேராக உட்கார்ந்தாள்.

வெண்டல் உடனே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவளுக்குக் காதுமடல் சுட்டது. சட்டைக் கழுத்தை இழுத்து மூடினாள். கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கிளம்புறேன் வெண்டல். வேணும்னா அந்தப் பொண்ணோட நம்பர நானே வாங்கிக் குடுத்துட்டுப் போறேன்."

"எந்தப் பொண்ணு?"

நிஜமாகவே விழித்தார். பிறகு அவர் முகம் மெல்லத் தளர்ந்தது. மேஜைமேல் கையை நகர்த்தி, தடவி, அதன் விளிம்பில் ஊன்றியிருந்த அவள் விரல்களைத் தேடிப் பிடித்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கணும். சொன்னா வரமாட்டீங்களோன்னு பயம். என் கண்ணுல நடுப்பகுதி போயிடுச்சு, ஆர்டிஸ். எத நேராப் பாக்குறேனோ அது மட்டும் தெரியாது. ஓரத்துல இருக்கறதுதான் தெரியும். உங்களப் பாக்கணும்னா நான் வேற பக்கம்தான் திரும்பணும்."

ஆர்டிஸ் நின்றபடியே, வந்ததிலிருந்து நடந்ததையெல்லாம் ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்தாள்.

கோட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப ஜன்னல் பக்கம் திரும்புங்க."

திரும்பினார்.

"இன்னும் கொஞ்சம். ம், போதும். அவசரமில்ல, நல்லாப் பாருங்க."