தட்டில் வைத்த நீர்க்கட்டி

மனைவி செல்வாம்பாள் இறந்த பின் சிவக்கொழுந்து ஒருமுறைகூட அழவில்லை. தன் நெஞ்சு கல்தானோ என்ற சந்தேகம் அவனுக்கே இருந்தது. 1957 ஆடியில் அவனுடைய இடது மேலிமையின் வெளியோரத்தில் ஒரு வீக்கம் வந்தது. குருசுக்குப்பத்திலிருந்து வந்த அக்கா தனக்கொடி, கண்கட்டி என்று நினைத்து நாமக்கட்டியை இழைத்துப் பூசினாள்.

"பொண்டாட்டி போனதுக்கு ஒரு சொட்டு விடல. கட்டி மட்டும் வருதாடா ஒனக்கு?" என்றாள்.

வீக்கம் வளர்ந்து கண்ணை மறைத்தது. யாரையும் பிரெஞ்சு மரியாதையில் 'முசியே' என்றே அழைக்கும் டாக்டர் கபிரியேல் இமையைப் புரட்டினார். உள்ளே நீலம் பாய்ந்த ஒரு நீர்க்குமிழ் தெரிந்தது.

"இது கண்கட்டி இல்ல முசியே. கண்ணீர் சுரப்பியில தண்ணி தேங்கிக் கட்டியா நிக்குது. சின்னதுன்னா அப்படியே விட்டுடலாம். குத்தி வடிச்சா திரும்ப ரொம்பும். இத பையோட எடுத்தாதான் போவும். அழுதா பெருசாவும். ரொம்ப அழறீங்களோ?"

"நான் அழறதே இல்லீங்க."

டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டார். குமிழை உடையாமல் எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்தார். தையல் போட்டுக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"சம்சாரம் பேரு என்ன?"

"செல்வாம்பாள்."

அவன் கண்கள் காய்ந்தே இருந்தன. தட்டில் இருந்த குமிழ் பட்டாணி அளவிலிருந்து நெல்லிக்காய் அளவுக்குப் பெருத்தது. டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தட்டின்மேல் குனிந்தார்.

"இன்னொரு தரம் சொல்லுங்க," என்றார்.

சிவக்கொழுந்து தலையைத் திருப்பித் தட்டைப் பார்த்தான். சொன்னான். பிறகு யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தான்.