பச்சைக் கிளி இணைப்பு

புதுப் பொந்துக்குக் குடிவந்த அணில், பக்கத்துப் பொந்து மைனாவின் பேச்சை நம்பி ஏமாந்தது. அடுத்த தோப்பில் இருக்கும் மகளின் சேதியைக் கொண்டுவர எந்தக் கிளி நல்லது என்று அது விசாரித்தபோது, "கண்ணை மூடிக்கிட்டு பச்சைக் கிளியைப் போடுங்கக்கா, மின்னல் வேகம்!" என்றது மைனா.

அந்த மின்னல் கிளி வந்தது. "அம்மா, எனக்கு..." என்று தொடங்கி, அங்கேயே நின்று தலையை வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்தும் சுற்றல் நிற்கவில்லை. மகளுக்குக் குட்டி பிறந்ததா, காய்ச்சலா, ஒன்றும் தெரியவில்லை.

அணில் மைனாவிடம் பாய்ந்தது. "உன் கிளியும் இப்படித்தான் சுத்துதா?"

"ஆமாக்கா. ஆனா புதுசா ஒருத்தரைச் சேர்த்துவிட்டா, கிளிக்குக் கூலியாக் கொடுக்கிற பழம் ஒரு மாசத்துக்கு மிச்சம். கோச்சுக்காதீங்க, மேல் பொந்துக்கு நாளைக்கு மரங்கொத்தி குடிவருது. உங்ககிட்டயும் விசாரிக்கும்."